பாட்டியின் குரலுக்குப் பூட்டுப் போடுங்கள்

உங்கள் பாட்டியின் குரல் எங்கே இருக்கிறது? அக்காவின் கல்யாண வீடியோ? பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள்? பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: அலமாரியில் கிடக்கும் ஒரு பென்டிரைவ்.

தினமும் குரல் பதிவுகளோடு வேலை செய்யும் வானொலிக்காரி என்பதால் சொல்கிறேன், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கணினியில் உள்ள கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். பென்டிரைவில் அழித்தால் விண்டோஸ் பெரும்பாலும் அங்கே அனுப்புவதில்லை. நிரந்தரமாக அழிக்கவா என்று ஒருமுறை கேட்கும். படம் அச்சிடும் கடையில் யாராவது 'யெஸ்' தட்டிவிட்டால் போயே போச்சு.

'ரீட் ஒன்லி' போட்டு வைத்திருக்கிறேனே என்பீர்கள். அது கதவில் ஒட்டிய அறிவிப்புச் சீட்டு மாதிரிதான். அழிக்க வருபவரை நிறுத்தாது.

கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். யார் அழிக்கலாம், யார் அழிக்கக்கூடாது என்று அதில் சொல்ல வழியில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் வழியுண்டு. கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். பிறகு ஃபோல்டரின் புரோப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், 'எவ்ரிவன்' என்பதற்கு இரண்டு 'டெலீட்' அனுமதிகளையும் மறுத்துவிடுங்கள். கைதவறி அழிவது நிற்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர் அதை மாற்றிவிடலாம். சில கார் வானொலிகள் இந்த முறையைப் படிக்கவும் செய்யாது.

இதைவிட உறுதியானது, பக்கவாட்டில் பூட்டுச் சுவிட்ச் உள்ள பென்டிரைவ். தள்ளிவிட்டால் வைரஸ்கூட உள்ளே எழுத முடியாது.

ஏற்கெனவே அழிந்துவிட்டதா? உடனே கழற்றுங்கள், புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். மேலே வேறொன்று எழுதப்படும்வரை பழைய தரவு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் மீட்க வாய்ப்புண்டு. மீட்டதை அதே பென்டிரைவில் சேமிக்காதீர்கள்.

எந்தப் பூட்டு இருந்தாலும், தொலைந்துபோன பென்டிரைவ் திரும்பி வராது. அதனால்தான் 3-2-1 என்ற கணக்கு: 3 நகல்கள், 2 வகைச் சாதனங்கள், 1 வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று இருந்தால் போதும். கடைக்குப் போகும்போது தேவையான படங்களை மட்டும் வேறொரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுங்கள்.

பாட்டு அழிந்தால் மறுபடி வாங்கலாம். பாட்டியின் குரல் எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பென்டிரைவைத் தேடி எடுங்கள்.