14,000-ன்னு போட்டிருந்தா வாங்கிடலாமா? - பொட்டி கட்டுறவங்களுக்கு ஒரு எஸ்.எஸ்.டி. பதிவு

தம்பி ஒருத்தன் தனிமடலில் கேட்டிருந்தான். ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து ஆறு மாசம் ஆகுது. பழைய லேப்டாப்பை ஓரங்கட்டிட்டு சொந்தமா ஒரு பொட்டி கட்டப் போறானாம். ப்ராசஸர், போர்டு, ரேம் எல்லாம் முடிவு பண்ணியாச்சு. "அண்ணா, எஸ்.எஸ்.டி. மட்டும்தான் குழப்பம். ஒண்ணுல 7,000-ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 14,000-ன்னு போட்டிருக்கு. ரெண்டு மடங்கு வேகம்தானே, அதையே வாங்கிடவா?" நாலு வரி எழுத ஆரம்பிச்சேன், நீண்டு போச்சு. நம்ம பதிவர்களிலும் ஆணி புடுங்கின நேரம் போக வீட்டில் பொட்டி கட்டுற ஆளுங்க நிறைய பேர் உண்டே, உதவட்டும்னு இங்கேயே போடுறேன்.

சுருக்கமான பதில்: வேண்டாம் ராசா. இங்கே 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஒரு டிரைவுக்கு 100 யூரோ கூடுதலா கொடுத்தா, அது ஓட்டலில் ஏழு மணி நேரத்துக்கு மேல தட்டு கழுவின காசு. அந்த ஏழு மணி நேரம் உங்களுக்கு என்ன திருப்பித் தருதுன்னு பார்த்துட்டு அப்புறம் கார்டைத் தேய்க்கலாம்.

அந்த 14,000 எதோட கணக்கு?

பெட்டி மேல பெருசா போட்டிருக்கிறது, ஒரே பெரிய கோப்பை வரிசையா படிக்கும்போது நொடிக்கு எத்தனை எம்பி வரும்ங்கிற கணக்கு. சாட்டா கேபிளில் மாட்டுற எஸ்.எஸ்.டி. சுமார் 550. எம்.2 குழியில் சொருகுற என்.வி.எம்.ஈ. டிரைவ்களில் ஜென்3 சுமார் 3,500, ஜென்4 சுமார் 7,000, ஜென்5 சுமார் 14,000. எண்ணெல்லாம் பொய் இல்லை. ஆனா நாம கணினியில் செய்யற வேலையில் பெரும்பாலானது அப்படி இல்லை.

விண்டோஸ் எழுந்து வர்றது, பிரௌசர் திறக்கிறது, மென்பொருள் கம்பைல் ஆகிறது எல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை அங்கங்கே தேடிப் படிக்கிற வேலை. தபால்காரர் மாதிரி. அவர் எவ்வளவு வேகமான பைக் வெச்சிருந்தாலும் ஒவ்வொரு வாசலிலும் நின்னு, பேர் பார்த்து, தபாலைக் கொடுத்துட்டுத்தான் போகணும். நேரம் போறது சாலையில் இல்லை, வாசலில்.

கணக்கா பார்ப்போம். நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துற பழைய வன்தட்டு ஒரு சுத்துக்கு 8.3 மில்லி நொடி எடுக்கும். தேவையான இடம் வந்து சேர சராசரியா பாதி சுத்து, தலை நகர்ற நேரம் தனி. ஆக ஒரு குட்டித் துண்டுக்குச் சுமார் 12 மில்லி நொடி. நொடிக்கு 80 துண்டு. சாதாரண எஸ்.எஸ்.டி. அதே வேலையை 0.1 மில்லி நொடிக்குள்ள முடிச்சிடும். நொடிக்கு 10,000 துண்டுக்கு மேல. 2008-ல் இன்டெல் எக்ஸ்25-எம் வந்தபோது அதோட வரிசை வேகம் வெறும் 250 எம்பிதான். 80 ஜிபிக்கு மொத்த விலையே 595 டாலர். அப்பவும் வாங்கினவங்க வாய் பிளந்தாங்கன்னா காரணம் இந்த வாசல் கணக்குதான்.

ஜென்3-ல் இருந்து ஜென்5-க்குப் போகும்போது வரிசை வேகம் நாலு மடங்கு ஆகுது. ஆனா ஒவ்வொரு துண்டா படிக்கிற வேகம் நொடிக்குச் சுமார் 50 எம்பியில் இருந்து 100 எம்பி வரைக்கும்தான் நகர்ந்திருக்கு. அந்த வித்தியாசத்தைக் கையில் கடிகாரத்தோட உட்கார்ந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இதுக்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2017-ல் இன்டெல் ஆப்டேன் 900பி-ன்னு ஒண்ணு விட்டாங்க. வரிசை வேகம் 2,500 எம்பி. அடுத்த வருஷம் வந்த சாம்சங் 970 ப்ரோ 3,500. பெட்டி மேல பார்த்தா ஆப்டேன் தோத்த மாதிரி தெரியும். ஆனா குட்டித் துண்டு விஷயத்தில் அதை நெருங்கவே ஆளில்லை. விலை கட்டுப்படியாகாம 2022-ல் இன்டெல் அந்தத் தொழிலையே மூடிட்டாங்க. பெட்டி மேல இருக்கிற எண்ணை வெச்சு வேகத்தை அளக்கக் கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெரிய கோப்புக்காவது 14,000 உதவாதான்னு கேட்பீங்க. 50 ஜிபி தரவை 7,000-ல் எழுத ஏழு நொடி, 14,000-ல் மூணரை நொடி. ஆனா அது எங்கிருந்து வருது? பல்கலைக்கழக சர்வரில் இருந்து ஒரு கிகாபிட் கம்பி வழியா வந்தா, எந்த டிரைவா இருந்தாலும் ஏழு நிமிஷம் காத்துக் கிடக்கணும். தினமும் ரெண்டு ஜென்5 டிரைவுக்கு நடுவே பெரிய வீடியோக்களை நகர்த்துறவங்களுக்கு அது தேவை. நமக்கு?

முதல்ல குழியைப் பாருங்க

போர்டோட கையேட்டில் எம்.2 குழிகளைப் பத்தி ஒரு பக்கம் இருக்கும். அதைப் படிக்காம வாங்காதீங்க. ஏ.எம்.டி. பி650 போர்டுகள் பலவற்றில் முதல் குழியே ஜென்4தான். அதில் ஜென்5 டிரைவைச் சொருகினா ஓடும், ஆனா ஜென்4 வேகத்தில். காசு போனது போனதுதான். சில போர்டுகளில் ரெண்டாவது எம்.2 குழியில் டிரைவ் போட்டா ஒண்ணு ரெண்டு சாட்டா இணைப்பு அணைஞ்சிடும். எம்.2 வடிவத்திலேயே சாட்டா டிரைவும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேகம் 550-ஐத் தாண்டாது. நீளம் 2280-ன்னு இருக்கான்னும் பாருங்க: 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம்.

நிரம்பினா என்ன ஆகும்?

என்னைக் கேட்டா இதுதான் முக்கியமான கேள்வி. டிரைவுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு அறையிலும் மின்னூட்டத்தை அளந்து வைக்கிறாங்க. டம்ளரில் தண்ணி இருக்கா இல்லையான்னு பார்க்கிறது சுலபம். அதுதான் எஸ்.எல்.சி., அறைக்கு ஒரு பிட். டி.எல்.சி.யில் அறைக்கு மூணு பிட், அதனால டம்ளரில் எட்டு அளவு. கியூ.எல்.சி.யில் நாலு பிட், 16 அளவு. அளவு கூடக் கூட ஊத்துறதும் மெதுவா, கவனமா நடக்கணும். டம்ளரும் சீக்கிரம் தேயும். ஆனா விலை குறையும்.

மெதுவா எழுதுறதை மறைக்க, காலி அறைகளைத் தற்காலிகமா ஒரு பிட்டுக்கு வெச்சு சரசரன்னு எழுதிட்டு, அப்புறம் ஓய்வா அடுக்கி வைப்பாங்க. இதுதான் எஸ்.எல்.சி. கேஷ். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்த கேஷ் சுருங்கும். 2018-ல் வந்த இன்டெல் 660பி-யோட 1 டிபி மாடலை எடுத்துக்குங்க. கியூ.எல்.சி. காலியா இருக்கும்போது கேஷ் 140 ஜிபி. நிரம்பி வழியும்போது 12 ஜிபி. பெட்டி மேல 1,800. கேஷ் தீர்ந்த பிறகு எழுதுற வேகம் சுமார் 100. வன்தட்டே தேவலாம்!

விமர்சனம் எழுதுறவங்க புது டிரைவைக் காலியா வெச்சுத்தான் பெரும்பாலும் அளக்கிறாங்க. நாம வாழப் போறது முக்கால்வாசி நிரம்பின டிரைவோட. அதனால "கேஷ் தீர்ந்த பிறகு எவ்வளவு" என்று அளந்து காட்டுற விமர்சனத்தைத் தேடிப் படிங்க. என் யோசனை: சிஸ்டம் போடுற டிரைவுக்கு டி.எல்.சி. வாங்குங்க, எப்பவும் 10 முதல் 20 சதவீதம் காலியா விடுங்க.

டி-ரேம் வேணுமா?

எந்தத் தரவு எந்த அறையில் இருக்குங்கிற முகவரிப் புத்தகம் டிரைவுக்கு வேணும். 1 டிபிக்குச் சுமார் 1 ஜிபி. நல்ல விலை டிரைவ்களில் அதுக்குன்னு தனி டி-ரேம் சிப் இருக்கும். இல்லாத டிரைவ்கள் கணினியோட ரேமில் இருந்து சில பத்து எம்பி கடன் வாங்கிச் சமாளிக்கும். முன்னே இது பெரிய குறை. 2022-ல் வந்த டபிள்யூ.டி. பிளாக் எஸ்.என்.770 மாதிரி டிரைவ்கள் டி-ரேம் இல்லாமலே நல்லா ஓடிக் காட்டிடுச்சு. ஆக டி-ரேம் இல்லைங்கிறதுக்காக ஒதுக்க வேண்டாம். டி-ரேமும் இல்லை, கியூ.எல்.சி.யும்கூடன்னா ஒதுக்கிடுங்க. யு.எஸ்.பி. பெட்டிக்குள்ள போட்டா இந்தக் கடன் வசதி கிடையாதுங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

பேர் ஒண்ணு, சரக்கு வேற

2021 ஆகஸ்டில் ஒரு கூத்து வெளியே வந்தது. க்ரூசியல் பி2 டி.எல்.சி.யோட வந்து நல்ல பேர் வாங்கின பிறகு, அதே பேரில் கியூ.எல்.சி. வந்துக்கிட்டிருந்தது. டபிள்யூ.டி. ப்ளூ எஸ்.என்.550-யிலும் சிப் மாறி, கேஷ் தீர்ந்த பிறகான வேகம் குறைஞ்சிருந்தது. சாம்சங் 970 ஈவோ பிளஸ்ஸிலும் உள்ளே கன்ட்ரோலர் மாறியிருந்தது. அதனால ரெண்டு வருஷம் முந்தின விமர்சனத்தை நம்பி வாங்காதீங்க. டி.எல்.சி.ன்னு கம்பெனியே எழுத்தில் சொல்லியிருக்கான்னு பாருங்க.

இங்கே இருக்கிறவங்களுக்கு கைட்ஸ்ஹால்ஸ் தளம் நல்ல துணை. பேருக்கு அர்த்தம் 'கஞ்சன்', நமக்காகவே வெச்ச பேர் :-) டி.எல்.சி., டி-ரேம், உத்தரவாதம்னு சலிச்சு எடுக்கலாம். 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏற ஆரம்பிச்ச பிறகு, வாங்குறதுக்கு முன்னே விலை வரைபடத்தையும் ஒரு பார்வை பார்க்கிறது நல்லது.

ஆயுசு

டி.பி.டபிள்யூ.ன்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. எத்தனை டெராபைட் எழுதுற வரைக்கும் உத்தரவாதம்னு அர்த்தம். சாம்சங் 990 ப்ரோ 1 டிபிக்கு 600, அஞ்சு வருஷம். தினமும் 328 ஜிபி எழுதினாத்தான் அஞ்சு வருஷத்தில் அதைத் தாண்ட முடியும். நீங்க ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினா 54 வருஷம் ஆகும். ஆக இந்த எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனா ரெண்டு டிரைவை ஒப்பிட உதவும்: மேலே சொன்ன 660பி-க்கு 200தான்.

வந்ததும் செய்ய வேண்டியது

ஹீட் சிங்க்கோட அடியில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தோலை உரிச்சிட்டு மாட்டுங்க. சூடானா டிரைவ் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்; ஜென்5-க்கு இந்தப் பிரச்சினை கூடுதல். அடுத்து ஃபர்ம்வேர் புதுசா இருக்கான்னு பாருங்க. 2023-ல் சாம்சங் 980 ப்ரோ 2 டிபி சிலது திடீர்னு எழுத முடியாம பூட்டிக்கிச்சு. புது ஃபர்ம்வேர் போட்டிருந்தவங்க தப்பிச்சாங்க. சந்தேகமான இடத்தில் வாங்கியிருந்தா, ட்சே-டே என்கிற ஜெர்மன் கணினி இதழோட எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டி முழுக் கொள்ளளவும் நிஜமான்னு பாருங்க. இணையத்தில் வாங்கினா இங்கே 14 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கிற உரிமை இருக்கு, அதுக்குள்ள சோதனையை முடிச்சிடுங்க.

மிச்சம் பிடிச்ச காசு எங்கே போகணும்?

எங்க விடுதியில் ஒரு நண்பர். ஆய்வறிக்கை கொடுக்க மூணு வாரம் இருக்கு. காலையில் பொட்டியைப் போட்டா டிரைவே தெரியலை. முந்தின ராத்திரி வரைக்கும் ஒரு முனகல் இல்லை. வன்தட்டு சாகும்போது கடகடன்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டுச் சாகும். இது அப்படியே மூச்சை விட்டுடும். கம்பெனி உத்தரவாதத்தில் புது டிரைவ் அனுப்பிச்சது. காலியா. உத்தரவாதம் டிரைவுக்குத்தான், உள்ளே இருந்த ரெண்டு வருஷ உழைப்புக்கு இல்லை.

அழிச்ச கோப்பை மீட்கிறதும் இதில் கஷ்டம். ட்ரிம் வசதி இருக்கிறதால, அழிச்ச இடத்தை டிரைவ் தானே பின்னாடி சுத்தமாத் துடைச்சிடும். மின்சாரம் இல்லாம அலமாரியில் வருஷக்கணக்கா வைக்கிறதுக்கும் எஸ்.எஸ்.டி. உகந்தது இல்லை. ஜெடெக் தர விதிப்படி, ஆயுசு முழுக்கத் தேஞ்ச வீட்டு டிரைவ் 30 டிகிரியில் ஒரு வருஷம் தரவைக் காத்தாப் போதும்.

அதனால என் கணக்கு இது. நல்ல டி.எல்.சி. ஜென்4 டிரைவ் 1 டிபியோ 2 டிபியோ ஒண்ணு. ஜென்5-ஐ விட்டதில் மிச்சமான காசில் வெளியே மாட்டுற சாதாரண வன்தட்டு ஒண்ணு. அதோட பல்கலைக்கழகம் தர்ற சேமிப்பிடத்தில் ஒரு பிரதி. மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணாவது வீட்டுக்கு வெளியே. பொட்டி கட்டி முடிச்சு விண்டோஸோ லினக்ஸோ ஏறின அன்னைக்கே முதல் பேக்கப் எடுத்துடுங்க. அந்த வன்தட்டு நொடிக்கு 100 எம்பிதான் ஓடும், ஓடட்டும். ராத்திரி நீங்க தூங்கும்போதுதானே ஓடப் போகுது.

டிஸ்கி: மேலே சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு செண்ட் கூடத் தரலை. தந்தா மறுக்கப் போறதும் இல்லை :-)