பிரித்த வீடும் உடைத்த வீடும்

ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் நம் ஊர்களில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தால், வேலை ஓட்டிலிருந்து தொடங்கும். ஓடு, சட்டம், உத்தரம், நிலைக்கதவு, தூண், கடைசியில் சுவர். கட்டிய வரிசைக்கு நேர் எதிர்வரிசை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் கடப்பாரையால் நெம்பினால் கல் கல்லாகக் கழன்று வரும். நிழலில் உட்கார்ந்திருக்கும் சித்தாள் பெண்கள் ஒவ்வொரு செங்கல்லையும் கையில் எடுத்து, கரண்டி விளிம்பால் காய்ந்த சாந்தைச் சுரண்டுவார்கள். இரண்டு கற்களை மோதிப் பார்த்துக் கணீரென்று கேட்டால் ஓர் அடுக்கு. மழுங்கலாகக் கேட்டாலோ முனை உடைந்திருந்தாலோ வேறு அடுக்கு.

நல்ல கல் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போகும். உடைசலும் வீணாகாது. அதைச் செங்கல் ஜல்லியாக்கிச் சுண்ணாம்போடு கலந்து, மெட்ராஸ் டெரஸ் மாடியில் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அதற்கும் மிஞ்சிய தூள் சுர்க்கி. சுட்ட மண்ணில் இருக்கும் சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிவதால் அந்தச் சாந்து தண்ணீர் பட்டாலும் கரையாது. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் போட்டதும் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவைதான். மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் வழியாக இன்றும் புது வீடுகளுக்குக் குடிபோகின்றன.

இப்போது இடிபடுபவை பெரும்பாலும் சிமெண்டு காலத்து வீடுகள். சிமெண்டுச் சாந்து பல நேரம் செங்கல்லை விடக் கெட்டி. பிரிக்கப் போனால் பிளப்பது கல்தான், சாந்து அல்ல. அதனால் யாரும் பிரிப்பதில்லை. பிரேக்கர் மாட்டிய இயந்திரம் வந்து சில நாளில் தரைமட்டமாக்கிவிடுகிறது. கம்பி காயலான் கடைக்கு. ஜன்னல், கதவு தேறினால் பழைய மரக்கடைக்கு. மற்றதெல்லாம் ரப்பீஷ்: கான்கிரீட், டைல்ஸ், ஜிப்சம் பலகை, பிவிசி குழாய், மண் எல்லாம் ஒரே குவியல். அது யாருடைய பள்ளத்தையாவது நிரப்பப் போகிறது; பள்ளம் கிடைக்காவிட்டால் இரவோடு இரவாக ஏரிக்கரைக்குப் போகிறது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமே கட்டட இடிபாட்டைச் சுமந்ததுதான். மழைத் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் வீட்டுச் சுவர் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடிவதில்லை.

இந்தக் காலத்துக்கென்று ஒரு வழி இல்லாமல் இல்லை. அனல் மின் நிலையச் சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சுர்க்கி செய்த வேலையை இன்று அந்தச் சாம்பல் செய்கிறது. கடையில் வாங்கும் பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமெண்டு மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். சூளையே தேவைப்படாத சாம்பல் செங்கல்லும் ஊரெங்கும் கிடைக்கிறது. கான்கிரீட் இடிபாட்டுக்கும் ஆலைகள் வந்துவிட்டன. டெல்லி புராரியில் 2009-இல் தொடங்கியது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. உடைத்து, காந்தத்தால் இரும்பை இழுத்து, சலித்து, கழுவி, ஜல்லியாகவும் மணலாகவும் பிரிக்கிறார்கள். நடைபாதைக் கற்கள் அதிலிருந்து வருகின்றன.

அந்த ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருங்கல்லின் மேல் பழைய சாந்து சாம்பல் நிறப் பொருக்காக ஒட்டியிருக்கும். தண்ணீரில் போட்டால் பொடிக் குமிழிகள் கிளம்பும். அந்தப் பொருக்கு தண்ணீர் குடிக்கிறது. கணக்குப் பார்க்காமல் கலவையில் சேர்த்தால் கான்கிரீட்டின் பலம் குறையும். அதனால்தான் கான்கிரீட் ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 383-இன் 2016 திருத்தம் அதை அளவோடு அனுமதிக்கிறது: கம்பியில்லாக் கான்கிரீட்டின் ஜல்லியில் 25 சதவீதம், எம்25 என்ற பலத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம். அளவோடு என்றாலும் நம்பிப் போடலாம். ஆனால் குவியலில் ஜிப்சமும் மண்ணும் கலந்து வந்தால் எந்த ஆலையாலும் நல்ல ஜல்லி தர முடியாது. சித்தாள் பெண்கள் அன்று கையால் செய்த பிரிப்பு இடிக்கும் இடத்திலேயே நடந்தாக வேண்டும்.

கட்டட இடிபாடு பற்றிய 2016-இன் மத்திய அரசு விதிகள், இடிபாடு நாளுக்கு 20 டன்னோ ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னோ தாண்டுகிறவர்கள் கான்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் என்று தரம் பிரித்தே தர வேண்டும் என்றன. நம் தெருக்களில் இடிபடும் ஒற்றை வீடுகள் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வந்ததே இல்லை. அங்கே முடிவெடுப்பவர் வீட்டுக்காரர். இடிப்பு வேலைக்கு விலை பேசும்போதே, இயந்திரம் வரும் முன் டைல்ஸ், குழாய், பலகை, மரம் எல்லாவற்றையும் கழற்றி எடுக்கக் கூடுதலாக ஒரு வாரம் கொடுத்து, மிச்சம் எந்த ஆலைக்குப் போகிறது என்பதையும் ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்கலாம். அந்த ஒரு வாரத்துக்கான கூலியைப் புது வீட்டுச் செலவில் சேர்த்துக்கொள்வது நியாயம்தான்.