இழுப்பறையில் உறங்கும் மின்சாரம்

உங்கள் வீட்டு இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய கைப்பேசி இரண்டு, சார்ஜ் நிற்காத மடிக்கணினி ஒன்று, பெயர் தெரியாத பேட்டரிகள் சில... நிச்சயம் இருக்கும். வானொலியில் ஒரு மாலை, "வீட்டில் எத்தனை பழைய கைப்பேசிகள் வைத்திருக்கிறீர்கள்?" என்று நேயர்களைக் கேட்டேன். மூன்று, நான்கு என்றவர்களே அதிகம். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றால், "தூக்கிப் போட மனசு வரலைங்க, என்ன செய்றதுன்னும் தெரியலை" என்பதுதான் பதில்.

மனசு வராததில் நியாயம் இருக்கிறது. 'செத்துப்போச்சு' என்று நாம் ஒதுக்கும் பேட்டரி பெரும்பாலும் சாவதில்லை. செய்துவந்த வேலைக்கு மட்டும் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று தளர்ந்தால் போதும்

பழைய மடிக்கணினியின் பேட்டரிக்குள் விரல் பருமனில் ஆறு அல்லது அதற்கும் மேற்பட்ட கலன்கள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் மொத்த பேட்டரியும் சோர்ந்துவிடும். மற்றவை நன்றாக இருந்தாலும் சேர்த்தே குப்பைக்குப் போகும்.

இந்தியாவிலுள்ள ஐபிஎம் ஆய்வாளர்கள் 2014ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தூக்கியெறியப்பட்ட மடிக்கணினி பேட்டரிகளில் சுமார் 70 விழுக்காடு, ஓர் எல்இடி விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேலாக ஓராண்டுக்கு எரியவைக்கும் என்று தெரியவந்தது. நல்ல கலன்களை மட்டும் பிரித்தெடுத்து, 'ஊர்ஜார்' என்ற சிறு கருவியை உருவாக்கினார்கள். ஒரு விளக்கு, ஒரு சின்ன விசிறி, கைப்பேசிக்கு ஒரு சார்ஜர். பெங்களூரில் மின்வசதி இல்லாதவர்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அலுவலகம் கழித்த பேட்டரி, குடிசைக்கு வெளிச்சம் தந்தது.

கார் பேட்டரிக்கும் இதே கதைதான். மின்சாரக் காரின் பேட்டரித் திறன் 70, 80 விழுக்காடாகக் குறையும்போது, ஓடும் தூரம் போதவில்லை என்று அதை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் ஒரே இடத்தில் நின்று சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்க அந்தத் திறன் தாராளம்.

ஜப்பானின் நமியே நகரம் 2011 நிலநடுக்கம், சுனாமி, அணு உலை விபத்து மூன்றையும் சந்தித்தது. மக்கள் மெல்ல ஊர் திரும்பத் தொடங்கியிருந்த 2018ல், நிசான் லீஃப் கார்களின் பழைய பேட்டரியையும் சூரியத் தகட்டையும் இணைத்து ஒரு தெருவிளக்கை அங்கே சோதித்தார்கள். மின்கம்பி தேவையில்லை. பகலில் சேமித்து இரவில் எரியும்.

ஆரஞ்சுத் தோலின் வேலை

இரண்டாவது வேலையும் முடிந்த பிறகு? அப்போதும் உள்ளே லித்தியம், கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ் இருக்கின்றன. உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சுரங்கங்களில் சிறுவர்களும் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்தால், நம் வீட்டில் சும்மா கிடக்கும் கைப்பேசியின் எடை கூடிவிடுகிறது.

இந்த உலோகங்களை மீட்பதில் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020ல் ஒரு சுவையான வழி கண்டது. வழக்கமான முறைகளுக்குக் கடும் வெப்பமோ வீரியமான அமிலமோ வேண்டும். பேராசிரியர் மாதவி ஸ்ரீநிவாசன் இணைந்து வழிநடத்திய குழு, ஆரஞ்சுத் தோலை அடுப்பில் உலர்த்திப் பொடியாக்கி, எலுமிச்சை போன்ற பழங்களில் உள்ள சிட்ரிக் அமிலத்துடன் சேர்த்தது. பேட்டரியிலிருந்த உலோகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கரைந்து வந்தது. தோலிலுள்ள செல்லுலோஸ் வெப்பத்தில் சர்க்கரையாக மாறி இதற்கு உதவுகிறதாம். மீட்ட உலோகங்களைக் கொண்டு புது பேட்டரியும் செய்து காட்டினார்கள். உணவுக் கழிவு, மின்கழிவு என்ற இரண்டு தலைவலிக்கு ஒரே மருந்து!

துவாசிலும் 2021ல் பேட்டரி மறுசுழற்சி ஆலை ஒன்று திறக்கப்பட்டது. நாளுக்கு 14 டன் வரை, அதாவது சுமார் 280,000 கைப்பேசிகளின் பேட்டரிகளைக் கையாளும் திறன் அதற்கு உண்டு.

நம் பங்கு

ஆய்வுக்கூடமும் ஆலையும் தயார். ஆனால் பேட்டரி நம் வீட்டைவிட்டு வெளியே வந்தால்தானே அவற்றுக்கு வேலை? சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. செமாக்காவ் குப்பை நிரப்புநிலமோ 2035க்குள் நிறைந்துவிடும் என்கிறார்கள். 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. இன்று கைப்பேசி பேட்டரி, நாளை கார் பேட்டரி. பழக்கத்தைச் சிறியதில் தொடங்குவதுதான் சுலபம்.

கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. எதைப் போடலாம் என்று தொட்டியிலேயே எழுதியிருக்கும். போடுமுன் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைக் குழாயில் வீசாதீர்கள்; அது தீப்பிடிக்கும். எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுத் தனியாகக் கொடுங்கள். கலன்களைப் பிரிக்கும் வேலை பயிற்சி பெற்றவர்களுடையது. யூடியூப் பார்த்து வீட்டில் முயலவே வேண்டாம்.

தொடக்கநிலை 5 அறிவியலில் மின்சுற்றுப் பாடம் வருகிறது. விளக்கு எப்படி எரிகிறது என்று படித்துவிட்டு வரும் பிள்ளையிடம், "அந்த பேட்டரி தீர்ந்த பிறகு எங்கே போகும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விடை தேடி, இந்த வார இறுதியில் தொட்டிவரை சேர்ந்தே நடந்து போய்வாருங்கள்.