ஆசிரியர் ஊதியம்: பொதுக்கணிப்பும் பணிநியமன நாளும்

தமிழ்நாட்டில் ஆசிரியர் ஊதியம் பற்றிய பொதுப்பேச்சு, ஓய்வை நெருங்கும் அரசுப்பள்ளி ஆசிரியரின் ஊதியத்தையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கிறது. இடைநிலை ஆசிரியர்களின் நிலை இக்கணிப்புக்குப் பொருந்துவதில்லை. 31.05.2009 வரை பணியேற்றோரின் பழைய அடிப்படை ஊதியமாகிய ரூ.4,500, ஊதியத் திருத்தத்தின்போது 1.86ஆல் பெருக்கப்பட்டு ரூ.8,370 ஆயிற்று. மறுநாள் முதல் பணியேற்றோர்க்கோ ரூ.5,200 என வரையறுக்கப்பட்டது. தர ஊதியம் இருசாரார்க்கும் ரூ.2,800தான், கல்வித்தகுதியும் கற்பிக்கும் வகுப்பும் வேறல்ல. ஆயினும் அடிப்படை ஊதியத்தில் ரூ.3,170 குறைந்தது. அகவிலைப்படி விழுக்காட்டு முறையில் கணக்கிடப்படுவதால், அது உயருந்தோறும் இவ்விடைவெளியும் விரிந்தது. எனவே, 'ஆசிரியர் எவ்வளவு பெறுகிறார்?' என்று மட்டும் மக்களிடம் வினவும் கள ஆய்வில், விடை எந்த ஆசிரியரைக் குறிக்கிறது என்பது புலப்படாது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் கற்பிக்க அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியரும் அரசுப்பள்ளி ஆசிரியரே. அவர்க்கு வழங்கப்பட்டது மாதம் ரூ.5,000 தொகுப்பூதியம்.