சூனியக்காரனுக்கு மேக்கப், தாத்தாவுக்கு மொழி வகுப்பு!

'தி மிஸ்ஸிங்' பார்த்திருக்கிறீர்களா? 2003-இல் வந்த ஹாலிவுட் வெஸ்டர்ன். குதிரை, துப்பாக்கி, பாலைவனம் எல்லாம் உண்டு. கூடவே செய்வினை, சூனியம், மந்திர உச்சாடனம்! அதில் ஒரு கையாலாகாத ஷெரிஃப் வருவார், ஞாபகம் இருக்கிறதா? அவர் யார் தெரியுமா? இயக்குநர் ரான் ஹோவர்டின் சொந்தத் தம்பி கிளின்ட். சரி, தந்தி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர்? இயக்குநரின் அப்பா ரான்ஸ் ஹோவர்ட்! சிதறிப்போன ஒரு குடும்பம் ஒன்று சேரும் கதையைப் படமாக்க, மனிதர் தன் வீட்டையே கிளப்பிக் கூட்டிவந்திருக்கிறார்.

இந்தப் படத்தின் திரைக்குப் பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு குடும்பக் கதை எட்டிப் பார்க்கிறது. படத்திலுள்ள சூனியத்தைவிட எனக்கு அதுதான் புல்லரிப்பு. ஒவ்வொரு கதவாகத் திறப்போம், வாருங்கள்!

அழக்கூட நேரமில்லாத அம்மா

பார்க்காதவர்களுக்காகக் கதை, நாலே வரியில். 1885, நியூ மெக்சிகோ. இரண்டு மகள்களோடு ஒரு ஒதுக்குப்புறப் பண்ணையில் வாழ்கிறாள் மேகி. பல் பிடுங்குவாள், காயத்துக்குக் கட்டுப்போடுவாள். அந்த வட்டாரத்துக்கே அவள்தான் வைத்தியச்சி. அவளுடைய சின்ன வயதில் குடும்பத்தை விட்டுவிட்டு அபாச்சி பழங்குடி மக்களோடு வாழப்போன அப்பா, இருபது வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறார். பாம்பு கடித்துப் பிழைத்தவர். 'உன் குடும்பத்தைப் போய்க் கவனி' என்று அபாச்சி வைத்தியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மகள் விரட்டிவிடுகிறாள்.

அடுத்த அடி உடனே விழுகிறது. மேகியின் காதலன் கோரமாகக் கொல்லப்படுகிறான். மூத்த மகள் லில்லியை ஒரு சூனியக்காரனின் கும்பல், மெக்சிகோவில் விற்பதற்காகத் தூக்கிக்கொண்டு போகிறது. செத்தவனுக்காக உட்கார்ந்து அழவும் மேகிக்கு நேரமில்லை. வெறுத்து ஒதுக்கிய அப்பாவையே துணைக்கு அழைத்துக்கொண்டு, பின்னாலேயே வருவேன் என்று அடம்பிடிக்கும் சின்ன மகள் டாட்டையும் குதிரையில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாள். தாத்தா, மகள், பேத்தி என மூன்று தலைமுறை ஒரே தடத்தில்!

தாமஸ் ஐட்சன் 1995-இல் எழுதிய 'தி லாஸ்ட் ரைட்' நாவல்தான் மூலம். திரைக்கதை கென் காஃப்மன். இவர் ஏற்கெனவே 'ஸ்பேஸ் கவ்பாய்ஸ்' படத்தில் டாமி லீ ஜோன்ஸுக்காக எழுதியவர். அந்த ஜோன்ஸ்தான் இங்கே ஓடிப்போன அப்பா.

கைநழுவிய கோட்டை

ரான் ஹோவர்ட் அப்போது 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரை வாங்கி வைத்திருந்தார். அடுத்து அவர் இயக்குவதாக இருந்தது 'தி அலமோ'. டெக்சஸ் கோட்டைப் போரைப் பற்றிய பிரம்மாண்டப் படம். பட்ஜெட்டிலும் வன்முறையின் அளவிலும் டிஸ்னியோடு ஒத்துப்போகவில்லை. அவர் தயாரிப்பாளராக மட்டும் இருந்துகொள்ள, இயக்கம் ஜான் லீ ஹான்காக் கைக்குப் போனது. ஆயிரம் பேர் மோதும் போர்க்களத்தை விட்டு வந்தவர் தேர்ந்தெடுத்தது, மூன்றே பேர் குதிரையில் போகும் கதை!

வெஸ்டர்ன் என்றால் ஹோவர்டுக்கு உயிர். ஜான் வெய்னின் கடைசிப் படமான 'தி ஷூட்டிஸ்ட்' (1976) படத்தில், வெய்னிடம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளும் பையனாக நடித்தவரே இவர்தான். அதற்கும் முன்னால், பள்ளிக்கூட வயதிலேயே வீட்டுக் கேமராவில் கவ்பாய் குறும்படங்கள் எடுத்துத் தள்ளியிருக்கிறார். அதில் ஒன்றின் தலைப்பைக் கேளுங்கள்: 'கார்ட்ஸ், கேட்ஸ், கன்ஸ், கோர் அண்ட் டெத்'! சீட்டு, அயோக்கியர், துப்பாக்கி, ரத்தம், சாவு என்று ஒரு வெஸ்டர்னுக்கு வேண்டிய அத்தனையையும் தலைப்பிலேயே கொட்டிவிட்டான் பையன். 'தி மிஸ்ஸிங்' டிவிடியில் இந்த வீட்டுப் படங்களையும் கூச்சப்படாமல் சேர்த்திருக்கிறார் ஹோவர்ட். ஆஸ்கர் வாங்கியவருக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

தம்பி கிளின்டும் லேசுப்பட்டவர் இல்லை. அண்ணன் நடித்த 'ஆண்டி க்ரிஃபித் ஷோ' தொடரில், கவ்பாய் தொப்பியோடு கையில் சாண்ட்விச் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றும் குட்டிப் பயலாக வந்தவர். அப்பா ரான்ஸ், ஓக்லஹோமா பண்ணைக்காட்டிலிருந்து நடிப்புக்காகக் கிளம்பியவர். அம்மா ஜீன், 'அப்போலோ 13' படத்தில் விண்வெளி வீரர் ஜிம் லவலின் அம்மாவாக நடித்தவர். 2000-இல் அவர் காலமாகிவிட்டார். அவர் போன பிறகு மகன் எடுத்த இந்தக் குடும்பக் கதையில் அப்பாவும் தம்பியும் ஆளுக்கொரு காட்சியில் வந்துபோகிறார்கள். கதை தெரிந்த பிறகு பார்த்தால் அந்தத் துண்டுக் காட்சிகளுக்கே தனி எடை வந்துவிடுகிறது.

எரிமலை வாய்க்குள் கேமரா

படப்பிடிப்பு முழுக்க நியூ மெக்சிகோ மண்ணில். வயஸ் கல்டேரா என்ற புல்வெளி வருகிறதே, அது ஒரு எரிமலையின் வாய்! ஏறக்குறைய 12.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே சரிந்த குழி. குறுக்களவு 20 கிலோமீட்டருக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கும் மேலே இருக்கிறது. சுற்றிலும் மலை விளிம்பு, நடுவே கண்ணுக்கு எட்டிய வரை புல். இந்த வெட்டவெளியில் ஒரு மரவீட்டை நிறுத்தினால் போதும். 'கத்தினாலும் கேட்க நாதியில்லை' என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடலாம்.

ஜார்ஜியா ஓ'கீஃப் ஓவியங்களால் புகழ்பெற்ற சிவப்புப் பாறைகள் கொண்ட கோஸ்ட் ராஞ்ச், சாண்டா ஃபே அருகே பழைய ஸ்பானியக் குடியிருப்பை அப்படியே காத்து வைத்திருக்கும் எல் ராஞ்சோ டி லாஸ் கோலன்ட்ரினாஸ் அருங்காட்சியகம் ஆகிய இடங்களிலும் கேமரா போயிருக்கிறது. ஒளிப்பதிவாளர் சால்வடோர் டோடினோ இந்தப் படத்தில்தான் ஹோவர்டோடு முதன்முதலாகச் சேர்ந்தார். பொன்வெயில் வெஸ்டர்னை எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் குளிரும் சேறும் சாம்பல் வானமுமாகக் காட்டினார். பிறகு 'சிண்ட்ரெல்லா மேன்', 'தி டா வின்சி கோட்' என்று கூட்டணி தொடர்ந்தது.

முகமூடி செதுக்கும் வில்லன்

இப்போது நீங்கள் காத்திருந்த ஆள். பெஷ்-சிடின் என்ற சூனியக்காரன்! தழும்பேறிய முகம், ஊடுருவும் கண், பொடிகளும் பாம்புகளும் நிறைந்த மூட்டை. இந்த மேக்கப்புக்கு அடியில் இருப்பவர் யார் என்று தெரிந்தால் 'அட!' என்பீர்கள். 'தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்' (1992) படத்தில் உன்காஸாக வந்து ரசிகைகளைக் கிறங்கடித்த எரிக் ஷ்வைக்! அவ்வளவு அழகான முகத்தை அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த தகவல் வேறு. ஷ்வைக், கனடாவின் வட கோடியில் இனுயிட் வம்சத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தன் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, தத்துக் கொடுக்கப்பட்டவர். அந்த வலியைப் பொதுமேடைகளில் பேசியிருக்கிறார். நடிப்பு இல்லாத நேரத்தில் மரத்தில் முகமூடி செதுக்குகிறார். 'தத்து முகமூடிகள்' என்றே ஒரு வரிசை செய்திருக்கிறார். குடும்பத்திலிருந்து பிள்ளையைப் பறிக்கும் பாத்திரத்தில், அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு மனிதர்! அவருடைய கண்களில் தெரியும் அந்த இருட்டு, மேக்கப் பெட்டியில் கிடைப்பதில்லை.

பெஷ்-சிடின் வைக்கும் செய்வினைக் காட்சிதான் படத்தின் உச்சம். மேகி தவறவிட்ட தலைவாரும் பிரஷ் அவன் கைக்குப் போகிறது; அதில் சிக்கிய முடி போதும், அங்கே அவன் முணுமுணுக்க இங்கே அவள் காய்ச்சலில் துடிக்கிறாள். தலைமுடியைக் கண்ட இடத்தில் போடாதே என்று பாட்டியிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்! ஒரு பக்கம் தாத்தாவும் அபாச்சி நண்பர் கயிட்டாவும் மந்திரம் ஓதுகிறார்கள். இன்னொரு பக்கம் டாட் பைபிள் வாசிக்கிறாள். எது காப்பாற்றியது என்று படம் கடைசி வரை தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தச் சாமர்த்தியத்துக்கே ஒரு விசில்!

சேற்றில் ஒரு தேவதை ராணி

மேகியாக கேட் பிளான்செட். இந்தப் படம் அமெரிக்காவில் வெளியானது 2003 நவம்பர் 26. சரியாக மூன்றே வாரத்தில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகம்! அதில் வெள்ளுடையில் ஜொலிக்கும் கலாட்ரியல், இதில் ஒற்றைப் பல் கிழவியின் வாயில் கைவிட்டு அந்தப் பல்லையும் பிடுங்கும் மேகி. ஒரே ஆள் என்றால் நம்பத்தான் முடிகிறதா?

லில்லியாக இவான் ரேச்சல் வுட். டாட்டாக, பத்து வயசு ஜென்னா பாய்ட். இந்தப் பொடிசு பெரியவர்களையே ஓரங்கட்டுகிறாள். ராணுவ அதிகாரியாக வால் கில்மர் சும்மா வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார். கடத்தப்பட்ட பெண்கள் கூட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு பரிச்சயமான முகம்... எலிசபெத் மாஸ்! பிற்பாடு 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' தொடரில் சிறைப்பட்ட பெண்ணாக உலகையே உலுக்கப்போகிறவர், இங்கே அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மாணவர் ஜோன்ஸ், உள்ளேன் ஐயா!

கடைசிக் கதவு. எனக்கு மிகவும் பிடித்த கதவும் இதுதான்.

படத்தில் அபாச்சிகள் பேசுவது நிஜமான சிரிகாவா மொழி. பழைய வெஸ்டர்ன்களில் 'இந்தியர்கள்' என்று காட்டியவர்கள் வாய்க்கு வந்ததை உளறினாலே போதுமென்று விட்டுவிடுவார்கள். இங்கே அந்தக் கதை நடக்கவில்லை. சிரிகாவா, நவஹோ மொழிக்கு உறவு. குரல் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும். மூக்கொலி உயிர்கள் உண்டு. தொண்டையை டக்கென்று அடைத்துத் திறக்கும் ஒலிகள் உண்டு. படம் எடுத்த காலத்தில் சரளமாகப் பேசுகிறவர்கள் சில நூறு பேரே.

ஏன் அவ்வளவு குறைவு? 1886-இல் அபாச்சி போர்த்தலைவர் ஜெரோனிமோ சரணடைந்ததும், சிரிகாவா மக்களைப் போர்க்கைதிகளாக்கி ரயிலேற்றி ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அலபாமா, பிறகு ஓக்லஹோமா. மொத்தம் 27 ஆண்டுச் சிறைவாசம்! ராணுவத்துக்கு வழிகாட்டிய அபாச்சி சாரணர்களையும் சேர்த்தே அடைத்ததுதான் கொடுமை. ஜெரோனிமோவிடம் போய்ச் சரணடையச் சொல்லிப் பேசிய இரண்டு சாரணர்களில் ஒருவர் பெயர் கயிட்டா. படத்தில் தாத்தாவின் நண்பருக்கு வைத்திருக்கும் பெயரும் அதேதான்! வில்லன் கும்பலும் ராணுவத்தில் சாரணர்களாக இருந்தவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கதைக்குக் கீழே ஓடும் வரலாறு பிடிபடும். 1913-இல் விடுதலையான பிறகு பெரும்பாலானோர் நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோவில் குடியேறினார்கள். மொழி அங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து வந்தார்கள் வாத்தியார்கள். எல்பிஸ் ஹியூகர், சிரிகாவா மாவீரர் கோசீஸின் கொள்ளுப்பேத்தி! கூடவே சிரிகாவா மூத்தவர் பெர்ல் கன்சியா, நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழக மானுடவியலாளர் ஸ்காட் ரஷ்ஃபோர்த். மாணவர்கள் யார்? டெக்சஸ்காரர் ஜோன்ஸ், ஜே டவாரே, சைமன் பேக்கர், பிளாக்ஃபீட் பழங்குடியைச் சேர்ந்த ஸ்டீவ் ரீவிஸ். யாருக்கும் இது தாய்மொழி கிடையாது. ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிய ஜோன்ஸ், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து உச்சரிப்புப் பழகினார். டிவிடியில் இதற்கென்றே 'அபாச்சி மொழிப் பள்ளி' என்று ஒரு பகுதி இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

வியாபாரத்தில் படம் தேறவில்லை. சுமார் 6 கோடி டாலர் செலவு. உலகம் முழுக்க வசூலானது 4 கோடியைக்கூடத் தொடவில்லை. ஹோவர்ட் கைமாற்றிவிட்ட 'தி அலமோ' அடுத்த வருஷம் இன்னும் பலமாகக் குப்புற விழுந்தது தனிக் கதை! ஆனால் அபாச்சி மூத்தவர்கள் மொழியைச் சுத்தமாகப் பேசவைத்ததற்காக இந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். பேச்சு வழக்கு தேய்ந்துவரும் குடியிருப்புகளில், இளையவர்கள் தங்கள் மொழியை ஹாலிவுட் நட்சத்திரம் ஒருவரின் வாயால் தியேட்டரில் கேட்டார்கள். ஓடிப்போன அப்பா திரையில் மகளிடம் திரும்பி வருகிறார். அதே படத்தால் ஒரு மொழியும் தன் பேரப்பிள்ளைகள் காதுக்குத் திரும்பிப் போயிருக்கிறது!

அதனால் அடுத்த முறை படத்தைப் போட்டால், ஜோன்ஸும் கயிட்டாவும் பேசிக்கொள்ளும் இடத்தில் சப்டைட்டிலைக் கையால் மறைத்துவிட்டுக் காதை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை புரியாது, பரவாயில்லை. புரிகிறவர்கள் மெஸ்கலேரோவில் இருக்கிறார்கள். அத்தனை வகுப்பும் அவர்களிடம் பாஸ் மார்க் வாங்கத்தானே!