தோட்ட டிராக்டர் வெண்பனி ஒதுக்கியின் மீளமைப்பு

தோட்ட டிராக்டர் வெண்பனி ஒதுக்கி என்பது, வீட்டுத் தோட்டப் பணிகளுக்கான சிறிய டிராக்டரின் முன்புறத்தில் பொருத்தப்பட்டு, தரையில் படிந்துள்ள வெண்பனியைத் தள்ளி ஒதுக்கும் துணைக்கருவி ஆகும். வளைந்த எஃகுத் தகடும் அதனைத் தாங்கும் சட்டமும் இதன் முதன்மை உறுப்புகள். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1960களிலும் 1970களிலும் பெருமளவில் விற்கப்பட்ட இக்கருவிகள் பல, இன்றும் பண்ணைக் கொட்டகைகளில் துருவேறிய நிலையில் கிடைக்கின்றன. அவற்றைப் பிரித்து, துரு நீக்கி, தேய்ந்த உறுப்புகளைச் சீர்செய்து மீண்டும் பணிக்குக் கொண்டுவருவது மீளமைப்பு எனப்படும்.

தமிழில் பனி என்னும் சொல் மார்கழிக் காலைகளில் புல்லின்மேல் காணப்படும் நீர்த்துளிகளையும் மூடுபனியையும் குறிக்க வழங்குகிறது. குளிர்நாடுகளில் வானிலிருந்து துகள்களாக வீழ்வதை வேறுபடுத்திக் காட்ட இக்கட்டுரையில் வெண்பனி என்ற சொல் ஆளப்படுகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் பெரிய மனைகளுடன் கூடிய வீடுகள் பெருகின. புல்வெட்டவும், சிறு நிலத்தை உழவும், குளிர்காலத்தில் வண்டிப்பாதையைத் துப்புரவாக்கவும் ஒரே பொறி போதும் என்ற எண்ணத்திலிருந்து தோட்ட டிராக்டர் உருவானது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960ஆம் ஆண்டில் கப் காடெட் டிராக்டரை அறிமுகப்படுத்தியது. ஜான் டியர் நிறுவனத்தின் 110 என்னும் வகை 1963ஆம் ஆண்டில் விசுகான்சின் மாநிலத்தின் ஓரிக்கான் நகரில் உற்பத்தியானது. இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் வீல் ஆர்சு டிராக்டர்கள் செய்யப்பட்டன. போலன்சு, சிம்ப்ளிசிட்டி ஆகிய போட்டி நிறுவனங்கள் இரண்டும் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள போர்ட் வாசிங்டன் என்னும் ஒரே சிற்றூரில் இயங்கின என்பது வியப்பான செய்தி.

இவற்றுள் பல பின்னர் கைமாறின. கப் காடெட் 1981இல் எம்டிடி நிறுவனத்திடமும், வீல் ஆர்சு 1986இல் டோரோ நிறுவனத்திடமும் சென்றன. எனவே பழைய துணைக்கருவிக்கான உதிரிகளை அதன் மூல உற்பத்தியாளரிடம் கேட்டுப் பெறுவது பெரும்பாலும் இயலாது. மீளமைப்பு ஒரு கைத்தொழிலாக வளர்ந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தேவை

வெண்பனி பார்வைக்கு இலேசானது போலத் தோன்றினாலும் அதன் மொத்த எடை பெரிது. 3 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள வண்டிப்பாதையில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெண்பனி படிந்தால் அதன் பருமன் 9 கனமீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த வெண்பனியின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 100 கிலோகிராம் எனக் கொண்டால், அகற்ற வேண்டியது 900 கிலோகிராம். ஈரம் மிகுந்த வெண்பனியாயின் இது இருமடங்கோ அதற்கு மேலோ ஆகும். இதனை மண்வெட்டி போன்ற கைக்கருவியால் அள்ளும்போது முதியோருக்கு மாரடைப்பு நேர்வதுண்டு. பனிப்புயலுக்குப் பிந்தைய காலை நேரத்தில் மருத்துவ ஊர்தியே வீட்டை அடைய முடியாமல் போகலாம் என்பதையும் சேர்த்து எண்ணினால், கொட்டகையில் கிடக்கும் பழைய தகட்டைச் சீர்செய்வது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கும்.

அமைப்பு

வெண்பனியைத் தள்ளும் வளைந்த தகடு பெரும்பாலும் 42 முதல் 54 அங்குலம் வரை அகலமுடையது. அதன் வளைவு, வெண்பனியைச் சுருட்டி முன்னோக்கி உருளச் செய்கிறது. தகட்டின் கீழ்விளிம்பில் தேய்பட்டை ஒன்று போல்ட்களால் இணைக்கப்பட்டிருக்கும். தரையுடன் உராய்ந்து தேய்வது இப்பட்டையே. ஆதலால் இது மாற்றத்தக்கதாக அமைக்கப்படுகிறது. தகட்டை இடப்புறமோ வலப்புறமோ ஏறத்தாழ 30 பாகை வரை திருப்பி நிறுத்தலாம். அவ்வாறு திருப்பினால் வெண்பனி ஒருபக்கமாக வழிந்து ஒதுங்கும்.

தகட்டை டிராக்டருடன் இணைப்பது தள்ளுசட்டம். இது முன்பம்பரில் மாட்டப்படும் எளிய கொக்கி அன்று. நல்ல வடிவமைப்புகளில் இச்சட்டம் டிராக்டரின் அடியில் நடுப்பகுதி வரையிலோ பின்அச்சு வரையிலோ நீண்டு, தள்ளுவிசையை அங்கே செலுத்துகிறது. மெல்லிய தகட்டால் ஆன புல்வெட்டி டிராக்டர்களில் பெரிய ஒதுக்கியை மாட்டினால் அடிச்சட்டம் விரிசல் காண்பதற்குக் காரணம், அவை இவ்விசைக்காக வடிவமைக்கப்படாமையே.

மிகுதியாகக் கவனிக்க வேண்டிய உறுப்பு மடக்கு அமைப்பு ஆகும். மறைந்திருக்கும் கல்லிலோ கான்கிரீட் விளிம்பிலோ தகடு மோதினால், அதன் கீழ்விளிம்பு பின்னோக்கி மடிந்து தடையைத் தாண்டும். பின்னர் வலுவான சுருள்வில்கள் அதனைப் பழைய நிலைக்கு இழுக்கும். இதன் பயனை எளிய கணக்கால் அறியலாம். ஓட்டுநருடன் 400 கிலோகிராம் நிறையுள்ள டிராக்டர் நொடிக்கு 1.5 மீட்டர் விரைவில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 450 ஜூல். மடக்கு அமைப்பு துருப்பிடித்து இறுகியிருந்தால் டிராக்டர் 2 சென்டிமீட்டர் தொலைவில் நின்றுவிடும். சராசரி விசை 22,500 நியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடைக்கு ஈடானது. தகடு மடிந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் அவ்வாற்றல் செலவானால் சராசரி விசை 3,000 நியூட்டனாகக் குறையும். முதல் நிலையில் சட்டம் வளையும், ஓட்டுநர் கைப்பிடிச் சக்கரத்தில் மோதுவார். ஆகவே வண்ணம் பூசிப் பளபளப்பாக்கிய, ஆனால் மடக்கு அமைப்பு இயங்காத ஒதுக்கியை மீளமைக்கப்பட்டது எனக் கூறுவது பொருந்தாது.

முதல் ஆய்வு

பழைய ஒதுக்கியை வாங்குமுன் தள்ளுசட்டம், தூக்கு தண்டு, கோணத்தை மாற்றும் பூட்டுமுளை ஆகியவை உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். தகடு ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் ஒத்த வடிவினது; சட்டமோ ஒவ்வொரு டிராக்டர் வகைக்கும் வேறுபடும். ஒரே நிறுவனத்தின் இரு வகைகளுக்கிடையே கூட மாறக்கூடும். சட்டம் இல்லாத தகடு மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுவே. துருவின் தோற்றம் அச்சுறுத்தலாம். ஆனால் மேற்பரப்புத் துரு பொருட்படுத்தத்தக்கதன்று. தகட்டின் பின்புற விலாக்கள் பற்றவைக்கப்பட்ட மூலைகளில் சிறு சுத்தியலால் தட்டினால், உறுதியான எஃகு கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்ட எஃகு மந்தமாக ஒலித்துத் துகள் உதிர்க்கும்.

தேய்பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே நீர் தங்கித் துரு அடுக்கடுக்காக வளர்வதுண்டு. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், இரு போல்ட்களுக்கு இடைப்பட்ட பட்டை வெளிப்புறமாக உப்பிவிடும். சாலையில் தூவப்படும் உப்பு இவ்வரிப்பை விரைவுபடுத்துகிறது.

பிரித்தல்

இப்பணியில் முதலில் செய்ய வேண்டியது சுருள்வில்களின் இழுவிசையைத் தளர்த்துவது. இழுபட்ட நிலையிலுள்ள வில்லின் கொக்கியைத் திருப்புளியால் நெம்பினால் அது தெறித்து முகத்தைத் தாக்கும். ஒழுங்கு செய்யும் கண்போல்ட் இருந்தால் அதன் மரையை மெல்லத் தளர்த்தியே வில்லை விடுவிக்க வேண்டும். கண்ணாடிக் கவசம் கட்டாயம்.

பல பத்தாண்டுகள் இறுகிய மரைகளுக்கு ஊடுருவும் எண்ணெய் இட்டு ஓரிரு நாட்கள் விட்டுவைப்பது பயன்தரும். அதற்கும் அசையாதபோது மரையை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து பிடி தளரும். ஆனால் அருகிலுள்ள பழைய பூச்சு எரிந்து நச்சுப்புகை தரக்கூடும் என்பதால் அவ்விடத்தை முதலில் சுரண்ட வேண்டும். தேய்பட்டையின் போல்ட்கள் வட்டத்தலையும் அதன்கீழ்ச் சதுரக் கழுத்தும் உடையவை. சதுரத் துளை தேய்ந்துவிட்டால் போல்ட் முழுவதும் சுழலும். அந்நிலையில் மரையை அரைத்து அறுத்தெறிவதே குறுக்குவழி. அப்போல்ட்களின் விலை மிகச் சிறிது, அவற்றைக் காப்பாற்ற ஒரு பிற்பகலைச் செலவிடுவது வீண்.

இக்கருவிகள் அங்குல அளவின. 3/8 அங்குலத் துளையின் விட்டம் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் போல்ட் அதில் நுழையாது, 8 மில்லிமீட்டர் போல்ட் ஆடும். தலையில் மூன்று கோடுகள் உள்ள அறுகோணப் போல்ட் 5ஆம் தரத்தையும், ஆறு கோடுகள் உள்ளது 8ஆம் தரத்தையும் குறிக்கும். கோடற்ற மலிவான போல்ட்களைச் சுழல்மூட்டுகளில் இடலாகாது.

துரு நீக்கல்

பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே கருதிச் செயற்பட வேண்டும். அமெரிக்காவில் 1978இல் வந்த தடை வீட்டுப் பயன்பாட்டுப் பூச்சுகளைப் பற்றியது. தொழிலகப் பூச்சுகளில் ஈயம் அதன் பின்னரும் பயன்பட்டது. எனவே 1970களின் இறுதியில் செய்யப்பட்ட கருவி என்பது மட்டும் போதிய உறுதி ஆகாது. உலர்நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தூசு எழுப்புவதினும், நனைத்துச் சுரண்டுவது அல்லது பூச்சு நீக்கும் களிம்பைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் இவ்வேலையைச் செய்தல் கூடாது.

துருவை நீக்கச் சுழலும் கம்பித் தூரிகையே பெரும்பாலோர் கையாளும் முறை. மணல் வீச்சு விரைவானது. ஆனால் குவார்ட்சு மணலின் நுண்தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிசு நோயை உண்டாக்கும். ஆதலால் கார்னெட் போன்ற மாற்றுத் துகள்கள் பயன்படுத்தப்படுகின்றன.

சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை ஏற்றது. நெகிழித் தொட்டியில் நீர் நிரப்பி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைப்பர். துருவேறிய உறுப்பை 12 வோல்ட் மின்கல ஊட்டியின் எதிர்முனையிலும், பயனற்ற எஃகுத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாதபடி மூழ்கவைப்பர். சில மணி நேரத்தில் துரு இளகி, தூரிகையால் துடைத்தால் உதிரும். நல்ல எஃகு கரைவதில்லை என்பது இம்முறையின் சிறப்பு. நேர்முனைக்குத் துருவுறா எஃகைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் சேரும். எதிர்முனையில் ஐதரசன் வளிமம் வெளிப்படுவதால் திறந்த வெளியில் செய்வதும், கவ்விகளைக் கழற்றுமுன் மின்னோட்டத்தை நிறுத்துவதும் இன்றியமையாதவை.

சுருள்வில்களை மட்டும் இத்தொட்டியிலோ அமிலத்திலோ இடலாகாது. ஐதரசன் அணுக்கள் கடினமான வில் எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். அத்தகைய வில் வெளித்தோற்றத்தில் குற்றமற்றதாக இருந்து, சுமையேறும்போது திடீரென முறியும். வில்களைக் கைத்தூரிகையால் துலக்கி எண்ணெய் பூசுவது போதும். குழிவிழுந்த வில்லை மாற்றிவிட வேண்டும்.

பழுதுநீக்கல்

சுழல்மூட்டின் துளைகள் தேய்ந்து முட்டை வடிவம் கொள்வது இக்கருவிகளின் பொதுக்குறை. துளை தளர்ந்தால் தகடு ஒருபுறம் சாய்ந்து, தேய்பட்டை ஒரு முனையில் மட்டும் தேயும். இதற்கு இருவழிகள் உண்டு. துளையைப் பற்றவைத்து நிரப்பி மீண்டும் துளையிடலாம். அல்லது அகலப்படுத்தி எஃகு புஷ் ஒன்றைச் செருகலாம். பின்னதே சிறந்தது எனலாம், ஏனெனில் அடுத்தமுறை தேயும்போது புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். பருத்த முளையைச் செருகுவது எளிதெனினும் எதிர்ப்புறத் துளையும் ஒரே கோட்டில் அமையாவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

தகடும் சட்டமும் மென்னெஃகால் ஆனவையாதலால் விரிசல்களைப் பற்றவைக்கலாம். விரிசலின் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாதபடி நிறுத்தி, வாய்க்கால்போல் அரைத்த பின் பற்றவைக்க வேண்டும். வில்லின் முறிந்த கொக்கியைப் பற்றவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வெப்பம் வில்லின் பதத்தைக் கெடுக்கும் என்பதால் அது தவறு.

தேய்பட்டையில் துளைகள் நடுக்கோட்டில் அமைந்திருந்தால் தலைகீழாகத் திருப்பி மறுவிளிம்பைப் பயன்படுத்தலாம். கல்பாவிய பாதைகளில் கீறல் விழாதிருக்க எஃகுக்கு மாற்றாக இரப்பர் அல்லது கடின பாலியெத்திலீன் பட்டை இணைக்கப்படுகிறது. ஆனால் மிதிபட்டு இறுகிய வெண்பனியை எஃகு விளிம்பு சுரண்டுவதுபோல் இவை சுரண்டா.

பூச்சு

துலக்கிய எஃகில் சில மணி நேரத்திலேயே புதுத்துரு படரும் என்பதால் அன்றே அடிப்பூச்சு இட வேண்டும். அதன்மேல் எனாமல் இரு மெல்லிய படலங்களாகப் பூசப்படும். கெட்டியாக்கி கலந்த வாகனப் பூச்சுகள் பலவற்றில் ஐசோசயனேட்டு உண்டு. சாதாரண முகமூடி அதற்குப் போதாது. குளிர்ந்த காற்றில் பூச்சு சரியாக உலராது. எனவே மீளமைப்புப் பணி கோடையில் தொடங்கி இலையுதிர் காலத்துக்குள் முடிக்கப்படுகிறது.

தகட்டின் முன்முகத்தைக் கண்ணாடிபோல் மெருகிடுவதில் பலர் நாட்களைச் செலவிடுகின்றனர். அப்பூச்சு முதற் குளிர்காலத்திலேயே கீழ்ப்பகுதியில் உரிந்துவிடும். அவ்வுழைப்பைப் பின்புற விலாக்களின் இடுக்குகளுக்குச் செலவிடுவதே மேல். மறுபுறம், மூலப்பூச்சும் ஒட்டெழுத்துகளும் நன்னிலையில் எஞ்சியிருக்கும் அரிய கருவியை முழுவதும் சுரண்டாமல் எண்ணெயிட்டுப் பேணுவதைச் சேகரிப்பாளர்கள் விரும்புகின்றனர். ஒருமுறை நீக்கிய மூலப்பூச்சை மீட்க முடியாது.

பொருத்துதலும் பயன்பாடும்

தகடும் சட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோகிராம் இருக்கும். இவ்வெடை முன்னச்சில் ஏறுவதால் இயக்குசக்கரங்களான பின்சக்கரங்களின் பிடி குறையும். பின்னச்சில் 240 கிலோகிராம் தாங்கினாலும், வெண்பனியில் இரப்பரின் உராய்வுக் குணகம் 0.2 எனக் கொண்டால், கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 470 நியூட்டன் மட்டுமே. எனவே பின்சக்கரங்களில் வார்ப்பிரும்பு எடைகளும் சங்கிலிகளும் பூட்டப்படுகின்றன. முற்காலத்தில் டயருக்குள் கால்சியம் குளோரைடுக் கரைசல் நிரப்பப்பட்டது. அது உறையாதெனினும் கசிந்தால் சக்கர வளையத்தை அரித்துவிடும்.

சரளைப் பாதையில் அடிச்சறுக்குகளைத் தாழ்த்தி, தேய்பட்டை தரையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கச் செய்ய வேண்டும். இல்லையேல் கற்கள் புல்வெளிக்குச் சென்று, கோடையில் புல்வெட்டியின் அலகில் படும். தகட்டின் முகத்தில் மெழுகு பூசினால் ஈரவெண்பனி ஒட்டாது. முதற் பனிப்பொழிவுக்கு முன், மரக்கட்டை ஒன்றைத் தரையில் நிலையாக ஊன்றி, மிக மெதுவாகத் தகட்டை அதில் மோதச்செய்து மடக்கு அமைப்பு மடிந்து மீள்கிறதா எனச் சோதிக்கலாம். மீளாவிடில் வில்லின் கண்போல்ட்டை இறுக்க வேண்டும். சிறு தடைக்கே மடிந்தாலும் இறுக்க வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் உப்பைக் கழுவி, மூட்டுகளில் கிரீஸ் இட்டு, தேய்பட்டை மண்ணைத் தொடாதவாறு மரக்கட்டைகளின்மேல் வைப்பர்.