பாறையில் வந்து நின்ற மர்மப் பறவை! காட்டிக் கொடுத்தது கேமரா

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. 2024 ஏப்ரல் 21. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், பசிபிக் கடலோரம் உள்ள ஹக் பாயின்ட் என்ற பாறைக் கடற்கரை. அங்கே மணலை ஒட்டி ஓர் அருவி விழுகிறது. அதைப் படம் எடுக்க ஒரு பள்ளி ஆசிரியர் கேமராவும் கையுமாகக் காத்திருந்தார்.

அப்போது பாறை மேல் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. அரை இருட்டில் கறுப்பாகத் தெரிந்தது. ஏதோ சாதாரணப் பறவை என்று நினைத்தார். இருந்தாலும் படம் தட்டி வைத்தார். பறவை பறந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்தவர் திகைத்துப் போனார். கறுப்பே இல்லை! தலை, மார்பு, முதுகு எல்லாம் நீலம். வயிறு மட்டும் செங்கல் நிறம்!

யார் இந்த ஆசாமி?

விவரம் தெரிந்தவர்கள் படத்தை அலசினார்கள். அமெரிக்காவிலேயே நீலமும் செம்மையும் கலந்த "புளூபேர்ட்" என்ற குருவி உண்டு. அதற்கு மார்பு சிவப்பு, அடிவயிறு வெளிறிய நிறம். இதற்கோ மார்பு நீலம், வயிறு சிவப்பு. உருவமும் பெரிசு. ஆக, அது இல்லை.

கடைசியில் ஆள் அகப்பட்டது. நீலப் பூங்குருவி! ஆங்கிலத்தில் "புளூ ராக் திரஷ்". செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டி, புல்லாங்குழல் போலப் பாடும் பறவை. மால்டா நாட்டின் தேசியப் பறவையும் இதுதான். சிவப்பு வயிறு உள்ள வகை ஜப்பான், கொரியா பக்கம் வாழ்வது. அதாவது, பசிபிக் கடலுக்கு அந்தக் கரை!

செய்தி பரவியதும் பறவைப் பிரியர்கள் ஹக் பாயின்டுக்கு ஓடினார்கள். பாறை பாறையாகத் தேடினார்கள். பறவை கண்ணில் படவே இல்லை.

தப்பி வந்ததா, தானாக வந்ததா?

இங்கேதான் சிக்கல். 1997-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே இனத்தைப் பார்த்ததாக ஒரு தகவல் உண்டு. கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அது அடிபட்டுப் போனது. இதற்கும் அதே கதிதானா?

நாலே நாளில் திருப்பம்! ஏப்ரல் 25 அன்று, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே கடல் நடுவே உள்ள ஃபாரலோன் தீவில் ஒரு நீலப் பூங்குருவி தென்பட்டது. ஹக் பாயின்டிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர். ஒரே பறவையா, இரண்டா என்று விவாதம் கிளம்பியது. ஆசியாவில் இவை வடக்கே திரும்பும் பருவமும் அதுதான். வழி தவறி வந்திருக்கலாம் என்ற பேச்சுக்கு இதனால் பலம் கூடியது.

ஒரு குருவிக்கா இத்தனை அமர்க்களம் என்று கேட்கலாம். பார்த்தேன் என்று வாயால் சொன்னால் எந்தப் பட்டியலிலும் ஏறாது. சாட்சி வேண்டும். அன்று கேமரா தட்டாவிட்டால், அது "ஏதோ ஒரு கறுப்புக் குருவி"யாகவே போயிருக்கும்.

நம்ம ஊருக்கும் வரும்!

இதன் உறவு வகை ஒன்று ஆண்டுதோறும் பனிக்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வருகிறது. குன்று, கல்குவாரி, கோட்டைச் சுவர், பழைய கட்டிடம், இதெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள்.

அடையாளம் இதோ: மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. ஆண் முழுக்க மங்கிய நீலம், இறக்கை கருமை. நம்ம ஊருக்கு வருவதற்குச் சிவப்பு வயிறு கிடையாது. பெண் சாம்பல் கலந்த பழுப்பு, அடிப்பக்கம் செதில் செதிலாகக் கோடு. வாலைத் தூக்கி ஆட்டினால் அது கருஞ்சிட்டு, ஏமாற வேண்டாம். நிமிர்ந்து, தன்னந்தனியாகப் பாறை நுனியில் நின்றால் இதுதான்.

வெளிச்சம் குறைவாக இருந்தால் நீலம் கறுப்பாகத்தான் தெரியும். கறுப்பு என்று தள்ளிவிடாமல் இன்னொரு தரம் பாருங்கள்!